எல்லை தாண்டினால் தனிக் கட்டணம்

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை பார்த்த பஸ் டிப்போவில் பூதக்கண்ணாடி என்று பெயர். உதிரிபாக ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் இருந்தார். எந்தக் காகிதத்தையும் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. பொடி எழுத்தைக் கண்டால் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துவிடுவார். ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் கிண்டலாக விளக்கு வைத்த பூதக்கண்ணாடி ஒன்றைப் பரிசளித்தார்கள். மனிதர் மேடையிலேயே பெட்டியைப் பிரித்து, எத்தனை மாதம் உத்தரவாதம், எது எதற்கெல்லாம் செல்லாது என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் நன்றி சொன்னார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, வெளிநாடு போய் ஒன்பது நாள் சுற்றிவிட்டு வரலாம், அங்கே வண்டியை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கொள்ளலாம் என்றார். எந்த நாடு என்று அவர் சொன்னதும் கையிலிருந்த பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு அடுத்த நாட்டில்தான் எங்கள் மகள் இருக்கிறாள். காரில் ஐந்து மணி நேரம். இதை நான் எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால், கூட வேலை பார்க்கிறவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று அவள் போனில் சொன்னாள். சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் இவர், "உன் இஷ்டம். இனிமே எங்கிட்ட எதுவும் கேக்காதே, நானும் உங்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அப்பனும் மகளும் ஒரே அச்சு. அது என் தலையெழுத்து. அவளுக்கு ஒரு பெண் பிறந்து மூன்றரை வயதாகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். மணி அடித்ததும் இவர் செடிக்குத் தண்ணீர் விட பால்கனிக்குப் போய்விடுவார். இருந்ததே இரண்டு செடி. இரண்டும் தண்ணீர் அதிகமாகிச் செத்துப்போயின. அதற்குப் பிறகும் வெறும் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். ஒரு குழந்தையைத் தூக்கினால் போதும், எடை சொல்லிவிடுவேன். தராசில் போட்டுப் பார்த்தால் ஐம்பது கிராம் முன்னே பின்னே இருக்கும். டாக்டர்கள் பந்தயம் கட்டி என்னிடம் தோற்றிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் தூக்கிய இந்தக் கைக்கு என் பேத்தி மட்டும் கிடைக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்த பலகாரம் மாதிரி அவளைத் திரையில் பார்ப்பேன். பார்த்து முடித்ததும் கை சும்மா இருக்காது. மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருப்பேன். நீ வேண்டுமானால் தனியாகப் போய்விட்டு வா என்று இவர் சொன்னதுண்டு. நான் போகவில்லை. தனியாகப் போய் நின்றால் அவள் என்னைப் பார்க்க மாட்டாள், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைத்தான் பார்ப்பாள். அதை என்னால் தாங்க முடியாது.

அதனால் மெதுவாக மூக்கை நுழைத்தேன். அங்கிருந்து நம் பெண் வீடு பக்கம்தானே என்றேன்.

"எல்லை தாண்டினா தனி சார்ஜ். தலையில மொளகா அரைச்சிடுவான்" என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து மூன்று மாதம் வீட்டில் வாடகை வண்டிப் பாடம்தான். விளம்பரத்தில் போடுகிற வாடகை வெறும் தூண்டில் என்றார். டேங்க் நிரம்பிய வண்டியை எடுத்து நிரப்பியே திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் காசோடு பெட்ரோல் போட்ட கூலியும் வாங்குவானாம். காப்பீட்டை முன்கூட்டியே வெளியே மலிவாக வாங்கிவிட வேண்டும், கவுன்டரில் வாங்கினால் மும்மடங்காம். வண்டியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. சக்கர மூடி வரைக்கும் வீடியோ எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் தாமதமானால் ஒரு நாள் வாடகை போய்விடும். சாப்பிடும்போது சொல்வார், விளக்கை அணைத்த பிறகும் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றை அடிக்கடி சொல்வார். "நாம கேக்காத சாமானையெல்லாம் நைசா எழுதி வெச்சிருப்பான். வாயைத் திறந்து எடுக்கச் சொல்லணும். வெக்கப்பட்டா போச்சு."

நானும் கண்ணும் கருத்துமாகக் கேட்டுக்கொண்டேன். மகள் வீட்டுக்குப் போகத்தான் வழியில்லை, மற்றவனிடம் ஏமாறாமலாவது திரும்புவோம் என்ற எரிச்சல் எனக்கு.

விமானத்திலிருந்து இறங்கியபோது காலை பத்து மணி. வண்டி கொடுக்கிற இடம் ஒரு நீளமான கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், கவுன்டரில் சங்கிலி போட்டுக் கட்டிய பேனா, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர், அதற்கு வெளியே வரிசையாக வண்டிகள். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். அவள் ஒப்பந்தத்தை நீட்டியதும் இவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, முதலில் வண்டியைப் பார்க்கிறேன் என்றார். அவள் சிரித்துக்கொண்டே ஓர் ஆளோடு அனுப்பி வைத்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெள்ளை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து வீடியோ எடுத்தார், குனிந்தார், குத்தவைத்து உட்கார்ந்தார். கூட வந்த ஆள் கொட்டாவி விட்டான்.

அந்த நேரத்தில் கவுன்டர்ப் பெண் என்னைக் கூப்பிட்டாள். கூடுதல் அயிட்டங்களைச் சரிபார்க்க வேண்டுமாம். எல்லை தாண்டும் அனுமதி ஒன்று, குழந்தை இருக்கை ஒன்று, ஒன்பது நாளைக்கு என்று படித்தாள்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆரம்பித்துவிட்டாயா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் படித்த பாடத்துக்கு இதோ பரீட்சை. இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன். நிச்சயமா, உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது என்றாள். நிச்சயம் என்றேன். எடுத்துவிட்டால் பிறகு பழைய விலைக்குக் கிடைக்காது என்றாள். இதுதான் இவர்கள் மிரட்டுகிற வழி என்று இவர் சொல்லியிருந்ததால் நான் இன்னும் நிமிர்ந்து நின்றேன். எங்களோடு குழந்தையே இல்லை என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன்.

கவுன்டருக்கு அடியில் சாம்பல் நிற இருக்கை ஒன்று, நீல வாரோடு, எங்கள் பெயர்ச் சீட்டு ஒட்டித் தயாராக இருந்தது. அவள் சீட்டைக் கிழித்துவிட்டு, அதை எனக்குப் பின்னால் நின்ற தம்பதியிடம் கொடுத்தாள். அந்த அம்மாவின் இடுப்பில் ஒரு குழந்தை. கன்னத்தை லேசாகத் தொட்டேன். பன்னிரண்டு கிலோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் வேர்த்துப்போய்த் திரும்பி வந்தார். பின் கதவில் ஒரு கீறல், முன் பம்பரில் இரண்டு, எல்லாம் பதிவாகிவிட்டது என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு லென்ஸை எடுத்தார். முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார், மறுபடி முன்பக்கத்துக்கு வந்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவினார்.

"ரெண்டு வரி காணோமே" என்றார்.

நான் பெருமையாகச் சொன்னேன். எப்படி எழுதியிருந்தாள், எப்படி மிரட்டினாள், எப்படி நான் அசையாமல் நின்றேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். சபாஷ் என்பார் என்று முகத்தைப் பார்த்தேன். முகம் விழுந்துவிட்டது. போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். லென்ஸ் கையிலேயே இருந்தது.

"அது அவங்க எழுதினதில்ல. நான்தான் போட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இருக்கைக்கு உயரம் கேட்டிருந்தான். உங்கிட்ட எப்படிக் கேக்கறது? நீ தூங்கினப்புறம் உன் போனை எடுத்துப் பார்த்தேன். வாஷிங் மெஷின் பக்கத்துல நிக்கற மாதிரி ஒரு போட்டோ இருக்கே, அந்த மெஷின் எந்த மாடல்னு தேடி உயரம் கண்டுபிடிச்சேன். அதுக்கு மேல அவ தலை அரைச் சாண் தெரியுது. தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழு சென்டிமீட்டர் வரும்."

அவர் பார்க்கவே மாட்டார் என்று நான் நினைத்திருந்த போட்டோக்கள் அவை. போல்ட்டையும் வாஷரையும் அளந்த கண்ணால் என் பேத்தியை அளந்திருக்கிறார். எத்தனை நாள், எத்தனை தரம் எடுத்துப் பார்த்தார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. இவர்மேல் கோபமும் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்திருப்பேனே. சொல்லாமலே கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தலாம் என்று நினைத்தீர்களா என்று கேட்டேன்.

"பாதி வழில எனக்கு மனசு மாறிட்டா உனக்கு ஏமாத்தமா இருக்குமேன்னு சொல்லல" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ கதவைத் திறப்பாளாடி?" என்றார்.

திறப்பாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவளும் இவர் மகள்தானே. கையைப் பிடித்து எழுப்பிக் கவுன்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மறுபடி சேர்க்க முடியும் என்றாள் அந்தப் பெண், ஆனால் இப்போது கவுன்டர் விலை, இரண்டுமே ஏறக்குறைய இரட்டிப்பு. நான் இவரைப் பார்த்தேன். கவுன்டர் விலை என்ற சொல்லைக் கேட்டாலே எரிந்து விழுகிற மனிதர், அவள் தொகையைச் சொல்லி முடிப்பதற்குள் கார்டை நீட்டினார். அனுமதிக் காகிதம் சரசரவென்று அச்சாகி வந்தது. இருக்கைக்குத்தான் சிக்கல். சரியான உயரத்துக்கு என்று எடுத்து வைத்தது போய்விட்டது. உள்ளே இரண்டு மிச்சம் இருக்கிறது, பதினைந்து கிலோ வரைக்கும் ஒன்று, அதற்கு மேலே ஒன்று, தவறானதைக் கொடுக்கச் சட்டம் இடம் தராது, குழந்தையின் எடை என்ன என்று கேட்டாள்.

இவர் என்னைப் பார்த்தார். எடை என்றால் வீட்டில் நான்தானே.

"நான் அவளைத் தூக்கினதே இல்லையேங்க" என்றேன். யாரோ முன்பின் தெரியாதவர்களின் குழந்தைக்குச் சற்றுமுன்தான் எடை போட்ட விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன்.

போன் செய்தால் தெரிந்துவிடும். என் போனை எடுத்து மகள் எண்ணைத் தேடினேன். நான் பேசுவதற்குள் இவர் கையை நீட்டினார். ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுத்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. நாங்கள் செவ்வாய்க்கிழமை பேசுவதில்லை என்பதால் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அம்மா? என்னம்மா ஆச்சு?"

இவர் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை அவளுக்குத் தெரியும்.

"பாப்பா எத்தனை கிலோ இருக்கா?" என்று கேட்டார்.

ஆறு வருடம் கழித்து மகளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி. பின்னால் எங்கேயோ ஒரு சின்னக் குரல், யாரும்மா, யாரும்மா என்று கேட்டுக்கொண்டிருந்தது. கவுன்டர்ப் பெண் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"பதினாலரைப்பா" என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது. "எதுக்குப்பா?"

"வண்டியில இருக்கை போடணும். பெரிசா சின்னதான்னு கேக்கறாங்க."

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஊரைச் சொன்னார். சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம், நடுவில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சுங்கம் கட்ட வேண்டும் என்று மனப்பாடமாக ஒப்பித்தார். அவள் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. இவருக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். கடைசியில் அவள் குறுக்கே புகுந்து, எத்தனை நாளைக்கு என்று கேட்டாள்.

ஒப்பந்தத்தைப் பார்த்தார். லென்ஸைத் தேடவில்லை.

"ஒன்பது நாள்னு போட்டிருக்கு" என்றார். "நீட்டிச்சா தனி சார்ஜ்."

இவர் சங்கிலி போட்ட பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடும் இடத்தில் வைத்துக்கொண்டு, "பரவால்ல" என்றார்.