ரெஜினா துடைத்த லென்ஸ்

சும்மா சொல்லக்கூடாது, ரெஜினா வேலையில் கெட்டிக்காரிதான். விருத்தாசலத்தில் செராமிக் பேட்டைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன டிஸ்பென்சரிக்கு அவள் சளிப் பரிசோதனை பார்க்க வந்து நாலு வருஷமாகியிருந்தது. அங்கே மைக்ராஸ்கோப்பை அவளைத் தவிர யாரும் தொட முடியாது. காலையில் வந்ததும் உறையைக் கழற்றி, பல்பைப் போட்டு, ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நூறு மடங்கு லென்ஸை அந்தச் சொட்டில் மெல்ல முட்டவைத்து, திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவாள். நீலத் தரையில் சிவப்புக் குச்சியாகக் கிருமி தெரிந்தால் டி.பி. தெரியாவிட்டால் இல்லை. அவள் இல்லை என்று எழுதிவிட்டால் டாக்டரே மறுபேச்சுப் பேசமாட்டார். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு அதுகூட இல்லாமலா?

ஆனால் கெட்டிக்காரிதானே குப்புற விழுவாள்! 2004 மாசி மாசம் லென்ஸ் துடைக்கிற தாள் தீர்ந்துபோனது. கடலூருக்கு எழுதிப் போட்டாள், தாள் வந்தபாடில்லை. வேலை முடிந்ததும் எண்ணெயைத் துடைக்காவிட்டால் பிசின் மாதிரி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பஞ்சால் துடைத்தால் நூல் நூலாக ஒட்டுகிறது. அவள் புருஷன் மிக்கேல் பேட்டையில் பொம்மை வார்க்கிறவன். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால்தான் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதனால் அந்தப் பக்கம் ஸ்பாஞ்சு இல்லாத வீடே கிடையாது. அடுப்பு மேடை துடைக்க, சைக்கிள் துடைக்க, பிள்ளைகளின் ஸ்லேட்டு துடைக்க, எல்லாத்துக்கும் அதுதான். பூ மாதிரி இருக்குதே என்று மிக்கேலின் பழைய ஸ்பாஞ்சு ஒன்றை ஏழு தண்ணீரில் அலசி எடுத்துவந்தாள். ஒரு வாரம் அதை வைத்து லென்ஸைத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

எட்டாம் நாள் பார்த்தால், மார்கழிப் பனியில் மணிமுத்தாறு தெரிகிற மாதிரி எல்லாம் ஒரே மூட்டம். பல்பை மாற்றினாள். பல்புக்கு மேலே வெளிச்சத்தைக் குவிக்கிற கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள். ஸ்லைடை நகர்த்தினாள், மூட்டம் நகரவில்லை. கண் வைக்கிற குழாயைச் சுழற்றினாள், மூட்டம் சுழலவில்லை. நாற்பது மடங்கு லென்ஸைப் போட்டால் பளிச்சென்று இருந்தது. அப்புறமென்ன, பழுது அந்த நூறு மடங்கு லென்ஸில்தான். அங்கேயே எழுந்துபோய் டாக்டரிடம் "நான்தான் கெடுத்துட்டேங்க" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சொல்லவில்லையே, பாவி! ரெஜினா கை பட்டு ஒன்று கெட்டது என்று நாலு பேர் பேசுவதா? கண்ணை இடுக்கிக்கொண்டு அந்த மூட்டத்திலேயே ஸ்லைடு பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கிரி வந்தார். பேட்டையில் இருபது வருஷமாகப் பொம்மைக்குப் பிசிறு தேய்க்கிறவர். மூன்று மாசமாக இருமல், உடம்பு பாதியாக இளைத்திருந்தது. மூன்று தடவை சளி கொடுத்தார். மூன்றையும் பார்த்துவிட்டு "ஒன்னுமில்லண்ணே, சளிதான்" என்றாள் ரெஜினா. சிவப்பாக ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இல்லை என்றே எழுதினாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனவர், மறுவாரம் ஒரு மாதா சுரூபத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். பிள்ளையாரும் மாதாவும் ஒரே சூளையில் வேகிற ஊர் அது.

"உங்க சாமின்னு நானே பாத்துத் தேய்ச்சதும்மா. ஒரு பிசிறு இருக்காது பாருங்க" என்றார்.

அவள் அதை மைக்ராஸ்கோப் பக்கத்திலேயே வைத்தாள். நாலு நாள்கூட அதைப் பார்க்க முடியவில்லை. மாதாவின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள்.

சித்திரை கடைசியில் மேலிருந்து விருத்தகிரி வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பழைய ஸ்லைடுகளை மறுபடி பார்த்து, சரியாகப் பார்த்திருக்கிறார்களா என்று சோதிக்கிற மேற்பார்வையாளர். உட்கார்ந்து கண்ணை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார்.

"என்னம்மா இது, இதுலயா பாக்குற?"

"பழசாயிடுச்சு சார்" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளாம்!

அவர் லென்ஸைக் கழற்றி, கண்குழாயைத் தலைகீழாகப் பூதக்கண்ணாடி மாதிரி பிடித்து அதன் வழியே லென்ஸின் முனையைப் பார்த்தார். "கண்ணாடியெல்லாம் கீறல். ஓரத்து ஒட்டுப் பசை தேஞ்சு எண்ணெ உள்ள எறங்கியிருக்குது. எதால தொடச்ச?"

"துணியால சார்."

அவர் தன் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து மாட்டினார். பெட்டியிலிருந்து வரிசையாக ஸ்லைடு வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒன்றில் நிறுத்தி, நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "நீயே பாரு."

பார்த்தாள். நீலத் தரை முழுக்கச் சிவப்புக் குச்சிகள். எண்ண வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு இருந்தன. ஸ்லைடின் ஓரத்தில் அவள் கையாலேயே கீறிய நம்பர், பக்கிரியுடையது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

"இந்த ரெண்டு மாச ஸ்லைடு எல்லாத்தையும் நான் எடுத்துட்டுப் போறேன். என் லென்ஸ் இங்கயே இருக்கட்டும். இந்த ஆள இன்னைக்கே வரச்சொல்லு, மாத்திரை ஆரம்பிக்கணும்" என்றார் விருத்தகிரி. திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பாள்.

ஆள் அனுப்பாமல் தானே நடந்து போனாள். பக்கிரி வீட்டில் அவர் சம்சாரம் கொளஞ்சியம்மாள் அவருக்குப் பதிலாக வேலைக்குப் போயிருந்தாள். அவர் பாயில் கிடந்தார். ஏழு வயசு மகள் பூர்ணிமா அவர் தோளில் தலை வைத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா, வாங்க! எங்க வூட்டுக்கெல்லாம் வந்திருக்கீங்க" என்று எழப் பார்த்தார். இருமல் வந்து பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

"மறுபடி ஒரு சளி குடுங்கண்ணே" என்று சொன்னால் போதும், டி.பி. இப்போதுதான் வந்தது மாதிரி ஆகிவிடும். திரும்பக் கேட்பது எங்கேயும் நடக்கிறதுதான். வழியெல்லாம் அந்தப் பொய்யைத்தான் மெருகு போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"மறுபடி ஒருவாட்டி…" என்று ஆரம்பித்தாள்.

"எதுக்கும்மா? நீங்கதான் ஒன்னுமில்லன்னு சொல்லிட்டீங்களே. அன்னையிலேருந்துதான் இவள பக்கத்துல படுக்க உட்டேன். அதுக்கு முன்ன மூணு மாசம் நான் வாசல்ல, இவ உள்ள. அழுதுகிட்டே தூங்குவா."

அதற்குமேல் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். தாள் தீர்ந்தது, ஸ்பாஞ்சு, மூட்டம், தெரிந்தும் சொல்லாமல் விட்டது, எதையும் மிச்சம் வைக்கவில்லை. "உங்களுக்கு டி.பி.தான்ணே. அன்னைக்கே இருந்திருக்குது. நான்தான் கெடுத்தேன்."

பக்கிரி அவள் கையைப் பார்த்தார்.

"ஸ்பாஞ்சாலயா தொடச்சீங்க?"

"ஆமாண்ணே. ஏழு தண்ணியில அலசுனேன்."

"எழுவது தண்ணியில அலசுனாலும் மண்ணு போவாதும்மா. இருவது வருசமா கையில புடிக்கிறன்ல. கண்ணுக்குத் தெரியாது, உள்ளயே கெடக்கும். என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

கோபமே இல்லை அந்தக் குரலில். செருப்பால் அடித்திருந்தால்கூட ரெஜினா தாங்கியிருப்பாள்.

அவர் கழுத்திலிருந்து மகளின் கையை விரல் விரலாக எடுத்துவிட்டார். தூக்கம் கலையாமல் நகர்த்தி, பாயின் அந்தக் கடைசியில் படுக்கவைத்தார். துண்டை எடுத்துத் தன் வாயை மூடிக்கொண்டார்.

"இவளுக்கும் பாக்கணுமாம்மா?"

"பாக்கணும்ணே."

"நல்ல லென்சுலதானே பாப்பீங்க?"

குத்திக்காட்டவில்லை அவர், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ரெஜினா தலையைத் தூக்காமல், "ஆமாண்ணே" என்றாள்.