பால் பவுடர் பதிவேடு, திருத்திய பதிப்பு

1.

இதைக் கதையாக எழுத நான் நினைக்கவில்லை. "அந்தத் தப்பு எப்படி நடந்துச்சுன்னு ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க சார், கோப்போட சேத்து வெக்கணும்" என்றார் யசோதரா. குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே கதைவிட ஆரம்பித்துவிட்டேன். கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தபடி திருட்டுத்தனமாகக் கதை எழுதியவனிடம் குறிப்பு கேட்டது அவர் தப்பு.

யசோதரா வியாசர்பாடிக்காரர். அந்தக் காலத்தில் வடசென்னையில் எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை பிழைத்தன என்று ஆராயும் குழுவில் இருக்கிறார். தரவுகளைத் திரட்டி, சரிபார்த்து, மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் கிடைக்கும்படி வைப்பது அவர் வேலை. என் வயதில் பாதி, கண்டிப்பில் இரண்டு மடங்கு. எனக்கு அந்தத் தெருக்கள் தெரியும், பழைய கையெழுத்தும் படிக்க வரும் என்பதால், ரிடையராகிச் சும்மா இருந்த என்னை டைப் அடிக்கக் கூப்பிட்டார்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"டோல்கேட்டில் பஸ் திரும்பும்போதே எண்ணூர்ப் பக்கத்து வாடை..."

[நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மூக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.]

அடுத்து:

"1959ஆம் வருடம் ஒரு மழைநாளில், அந்தத் தாய் குழந்தையை..."

[இதுவும் வேண்டாம். அப்போது நான் பிறக்கவே இல்லை. மழை பெய்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்?]

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். டோல்கேட் பக்கத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் குழந்தை நல நிலையம் நடத்தியது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அதைக் காட்டினால் மாதம் ஒரு டின் பால் பவுடர்.* 1956 முதல் 1972 வரை பதினோரு பதிவேடுகள். குழந்தை பெயர், தாய், தகப்பன், தெரு, பிறந்த தேதி, தகப்பன் செய்யும் வேலை.

(* அதைக் கரைத்துக் குடித்தவர்கள் குறைவு. உள்ளங்கையில் கொட்டி நக்குவோம். மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், நாக்கால் சுரண்டிச் சுரண்டி அரை நாள் ஓட்டலாம்.)

இவற்றை டைப் அடித்த அந்த ஒரு வருடம் நான் ஆபீஸுக்குப் போனேன் என்று சொல்ல மாட்டேன், ஊருக்குப் போய்வந்தேன். ஹார்பர் கூலி, பாய்லர் ஆள், கேங்மேன், வலை பின்னுகிறவர் என்று வரிவரியாக என் தெருவே வந்தது. எனக்கு வெள்ளைத் தாடியோடு மட்டுமே தெரிந்த அமீருதீன் பாய் ஒரு பக்கத்தில் இருபத்தாறு வயது ரிக்‌ஷாக்காரராக, தலைச்சன் பிள்ளைக்குத் தகப்பனாக நின்றார். அன்றைக்கு அதற்குமேல் டைப் அடிக்கக் கை வரவில்லை. எழுந்து போய் டீ குடித்தேன்.

3.

இனி தப்பு.

ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரிகள் அடித்து முடித்ததும் யசோதரா ஒன்றைக் கவனித்தார். சில குழந்தைகள் இரண்டு முறை வருகின்றன. அதே பெயர், அதே தாய், அதே தகப்பன், அதே தெரு. பிறந்த தேதி மட்டும் ஒன்றரை, இரண்டு வருடம் தள்ளி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், இது டின் வாங்கறதுக்குப் பண்ண வேலை" என்றேன். பிள்ளைக்கு ஒன்றரை வயதானால் பவுடர் நின்றுபோகும். உடனே அதே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேறு ஆயா உட்காரும் நாளாகப் பார்த்துப் போய், வயதைக் குறைத்து மறுபடி பதிந்துகொள்வார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நோஞ்சானாகவே இருக்கும், எந்த ஆயாவுக்கும் சந்தேகம் வராது. என் அம்மாவே என்னை இரண்டு தரம் பிறக்க வைத்தவள். பதிவேட்டில் இரண்டு இடத்திலும் என்னைக் கண்டுபிடித்து யசோதராவிடம் பெருமையாகக் காட்டினேன்.

வெளியூர்க்காரன் ஒருவனுக்கு இது தோன்றியே இருக்காது. நான் சொன்ன யோசனையே விதியானது: நாலும் ஒத்துப்போய், தேதி மூன்று வருடத்துக்குள் இருந்தால் அது ஒரே குழந்தை. முதல் வரி உண்மை, இரண்டாவது பொய். 341 வரிகளை நீக்கினேன். நீக்கும்போது சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். அந்தத் தாய்மார்களின் சாமர்த்தியத்தை எண்ணி எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

4.

ஊர் மக்களிடமிருந்து எடுத்ததை அவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று, ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டோம். லேப்டாப்பில் அவரவர் பிறந்த பதிவைத் தேடித் தருவது என் வேலை. பெரிய வரிசை. அதில் மலிகா வந்தார். அறுபத்து நாலு வயது, பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் வேலை.

பெயரையும் தெருவையும் அடித்தேன். 1959 என்று வந்தது.

"நான் அறுவத்தி ஒண்ணு, நைனா."

"அந்தக் காலத்துல தேதி முன்னப் பின்ன இருக்கும்க்கா."

அவர் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

"இது நான் இல்ல. எங்கக்கா."

"அக்கா பேரு?"

"மலிகாதான். ஏழாம் மாசம் பூட்ச்சு. அப்பறம் நான் பொறந்தேன், அதே பேர வெச்சுட்டாங்கோ. ஏம்மான்னு கேட்டா, அந்தப் பேர கூப்ட்டுக் கூப்ட்டு வாய் பழகிப்போச்சுடின்னும். ஒரு போட்டோ கெடையாது, எங்க பொதச்சாங்கன்னும் தெரியாது. எம்பேர யாராச்சும் கூப்ட்டா அவளையும்தான் கூப்டறாங்கன்னு நெனச்சுக்குவேன்." திரையைத் தொட்டார். "எய்தி கீது பாரு. இப்பத்தான் மொதொ தபா எய்தி பாக்கறேன்."

"நீங்கதான்க்கா இதுல இல்லாமப் போயிட்டீங்க" என்றேன். நான்தான் நீக்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நான்தான் இங்க கீறனே. அவள நல்லா பெருசா காட்டு."

5.

மலிகாவை எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்துகொண்டே இருக்கிறது. மேலே இருப்பவர் கொஞ்சம் அதிகமாகவே நல்லவராக இருக்கிறார். நிஜத்தில் அவர் முதலில் கேட்டது, "இத்த வெச்சு ஆதார்ல வயச மாத்தித் தருவீங்களா?" என்றுதான். இல்லை என்றதும், "அப்போ இன்னாத்துக்கு இம்மாம் பெரிய மண்டபம்?" என்று என்னைக் காய்ச்சினார். கதை கெட்டுவிடுமே என்று முதல் பிரதியில் வெட்டியிருந்தேன். வெட்டிப் பழகிய கை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலிகா என்பது நான் வைத்த பெயர். ஊர், தொழில் எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்ட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் வேலையில் சேர்ந்தேன். ஆகவே அந்தக் குழந்தையின் நிஜப் பெயர் இந்தக் கதையிலும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6.

மறுநாளே பதிவேடுகளின் படங்களை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு பத்தி உண்டு, குறிப்பு என்று. தேவையில்லை என்று அதை நாங்கள் டைப் அடிக்கவில்லை. 341 குழந்தைகளின் முதல் வரிகளில், 118 இடத்தில் அந்தப் பத்தியில் சிவப்பு மையில் ஒரே வாசகம் இருந்தது: "அட்டை வாபஸ்." ஒன்றரை வயதுக்கு முன்பே வாபஸ் என்றால் பிள்ளை தவறிவிட்டது என்று அர்த்தம். பிள்ளை போனதும் அட்டையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். டின்னுக்காகப் பொய் சொன்ன அதே தெருவில், பிள்ளை செத்ததும் ஒரு மாதம்கூட ஏமாற்றாமல் நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள்.

118 குழந்தைகள் செத்ததை மறைத்துவிட்டேன். பின்னால் பிறந்த 118 பேரைப் பிறக்காமல் செய்துவிட்டேன். முதல் பதிப்பு ஏற்கெனவே நாலைந்து பல்கலைக்கழகங்களுக்குப் போயிருந்தது. அந்த வட்டாரத்தில் சிசு மரணம் ஆச்சரியப்படும்படி குறைவு என்று யாரோ கட்டுரைகூட எழுதிவிட்டார்.

யசோதரா திட்டவில்லை. "அந்தப் பத்திய விட்டது நானும்தான் சார்" என்றார். இரண்டாம் பதிப்புக்கு நாள் குறித்தார். இந்த வெள்ளிக்கிழமை.

7.

மலிகாவிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு வரிகளையும் மீட்டுவிட்டதாகவும் சொன்னேன்.

"பேரோட வருமா?"

வராது. எல்லோரும் பார்க்கிற கோப்பில் ஆளுக்கொரு எண்தான். அச்செடுத்துத் தருகிறேன் என்றேன்.

"பேப்பர் வாணாம், அடுத்த மழைக்கு வூட்டுக்குள்ள தண்ணி பூந்தா பூடும். இத்தினி வருசம் எங்கம்மா மனசுக்குள்ளயே கெடந்தா. வெளில வரட்டும் நைனா."

யசோதராவிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு வழிதான் இருந்தது. பதிவிலுள்ளவர் உயிரோடு இருந்து, தானே கையெழுத்துப் போட்டால் பெயரை விடலாம். உறவினர் போட்டால் செல்லாது. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு சார். ஆனா அக்கா தங்கச்சி சொன்னாப் போதும்னு விட்டா, நாளைக்கு யார் வீட்டு ரகசியத்தையும் யாரும் வெளிய விடலாம்."

அக்காவின் வரிக்கான படிவத்தை மலிகாவிடம் கொண்டுபோனேன். "பதிவிலுள்ளவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு" என்று ஒரு கட்டம். பேனாவைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.

"தங்கச்சின்னு எய்துனா நம்பரு. நான்தான் அவள்னு எய்துனா பேரு. அப்டித்தானே?"

"ஆமாம்க்கா."

"நீ பண்ண அதே வேலைய இப்ப என்னியே பண்ணச் சொல்ற."

படிவத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். யோசிக்கணும் என்றார்.

8.

முடிவுகள்:

(அ) 'நானே' என்று எழுதுகிறார். பெயர் உலகத்துக்கெல்லாம் தெரிகிறது. ஏழு மாதக் குழந்தைக்கு அறுபத்தைந்து வயது தாண்டுகிறது.

(ஆ) 'தங்கை' என்று எழுதுகிறார். ஓர் எண் பிறந்து, ஏழாம் மாதம் இறக்கிறது. அதற்கு ஒரு தங்கை இருந்தாள் என்று மட்டும் தெரிகிறது.

(இ) குழு கூடி விதியை மாற்ற, எல்லோரும் எழுந்து கைத...

[கமிட்டிகள் அப்படி எதுவும் செய்வதில்லை. மன்னிக்கவும்.]

நடந்தது இவ்வளவுதான். இன்று வியாழக்கிழமை. காலையில் மலிகா கூப்பிட்டனுப்பி, ஒரு கவரைக் கையில் கொடுத்தார். அதன் வாயைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார். "அந்தப் பொண்ணாண்ட குட்த்துடு" என்றார். என்ன எழுதினீர்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கவர் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. பருக்கை இன்னும் காயவில்லை, நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்ளும். கதைக்கு ஒரு முடிவு வேண்டுமென்றால் அது அரை நிமிட வேலை.

உங்களுக்கு வேண்டிய முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைப் பிரிக்காமல் யசோதராவிடம் கொடுத்துவிடப்போகிறேன். அந்த இரண்டு பேருக்காகவும் நான் ஏற்கெனவே ஒருமுறை முடிவெடுத்துவிட்டேன்.