லிஃப்ட் மெக்கானிக் வீட்டுத் தேக்குக் கதவு

லிஃப்ட் மெக்கானிக் தன் படுக்கையறைக்குத் தேக்குக் கதவு போட்ட நாளிலிருந்து, அதைத் தட்டிப் பார்க்காமல் அந்த வீட்டில் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

“தேக்குல மொத்தமே மூணு இனந்தான் மாப்ளே. இது அதுல ராஜா. மழைக்கு உப்பாது, கரையான் கிட்ட வராது” என்று மனைவியின் தம்பியிடம் ஓயாமல் சொல்லுவார். கடைக்காரன் சொன்ன மலிவு விலையிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவிடவில்லை.

அடைமழைக் காலம் வந்தது. மதியம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர், எழுந்து இழுத்தார். கைப்பிடிதான் கையோடு வந்தது.

“என்னங்க, உப்பிப்போச்சா?” என்றாள் மனைவி வெளியிலிருந்து.

“தேக்கு எப்படிடி உப்பும்? கீல் மக்கர் பண்ணுது.”

தம்பி தோளால் முட்டிப் பார்த்துவிட்டு, தோளைத் தடவிக்கொண்டே தச்சரைக் கூட்டிவர ஓடினான். அதற்குள் உள்ளே போன் அடித்தது. ஜவுளிக்கடை லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம்.

“பதறாதீங்க. கதவை முரட்டுத்தனமா இழுக்காதீங்க. இதோ கிளம்பிட்டேன்” என்றார் மெக்கானிக், கைப்பிடியைப் பிடித்தபடி. வெளியே மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தச்சர் வந்தார். “தேக்குன்னா நிலையோட பக்குவமா கழட்டணும், பொழுது சாஞ்சிரும். மட்ட மரம்னா ஒரே உதை. என்ன மரங்க?”

உள்ளேயிருந்து கதவை ஒருமுறை தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“மாமா, லிஃப்ட்ல ஆளுங்க இருக்காங்க!”

“உதைக்கச் சொல்லு” என்றது மெல்லிய குரல்.

கதவின் கீழ்ப்பாதி பிஸ்கட் மாதிரி பொடிந்து விழுந்தது. அமுக்கி ஒட்டிய மரத்தூள். மெக்கானிக் அந்த ஓட்டை வழியாகத் தவழ்ந்து வந்தார். தம்பி வாய் திறக்கப் போனான். அக்கா ஒரு முறை முறைத்தாள். கணவரின் தலையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு, “மழைக் கோட்டை எடுத்துக்குங்க” என்றாள்.

ஜவுளிக்கடையில் லிஃப்ட் திறந்ததும் முதலில் வெளியே வந்த அம்மாள் பொரிந்து தள்ளினாள்: “இவ்வளவு நேரமா? இப்படி உள்ள மாட்டிக்கிட்டுப் பார்த்தாத்தான்யா உனக்குத் தெரியும்!”

“தெரியும்மா” என்றார் மெக்கானிக்.

கிளம்பும்போது அதே கடையில் படுக்கையறை வாசலுக்கு ஒரு திரைச்சீலை வாங்கினார். விற்பனைப் பெண், “அசல் பட்டு சார்…” என்று ஆரம்பித்தாள்.

“அதெல்லாம் சொல்ல வேண்டாம்மா. சும்மா மடிச்சுக் குடு.”