விடத் தெரியாத கை

தையல்கடை வைத்திருந்த கட்டிங் மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்து, விழுந்த வலது கையின் விரல்கள் லேசாக மடங்கத் தொடங்கியதும், வீட்டார் கண்டுபிடித்த வைத்தியம் ஒரு ரப்பர் பந்து. வாங்கி வந்தவன் மனைவியின் தம்பி. "அமுக்கிக்கிட்டே இருங்க மாமா, பலம் தானா வரும்." மாஸ்டர் எதையும் சொன்னதற்கு மேல் செய்கிற ஆள். விழித்திருக்கும் நேரமெல்லாம் அமுக்கினார். பலம் வந்தது. வந்த பலம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது.

பிசியோதெரபி பெண் முதல் வேலையாகப் பந்தைப் பிடுங்கினாள். பிடுங்குவதே பெரும்பாடாகிவிட்டது. "யாரு சார் இதைக் கொடுத்தது? உங்க கைக்குப் பிடிக்கத் தெரியுது. விடத்தான் தெரியல. மூடுறதையே பழக்கியிருக்கீங்க."

மைத்துனன் சுவரிலிருந்த நாள்காட்டியை அக்கறையாகப் படித்தான்.

கத்திரிக்கு மூடுவது மட்டுமா வேலை? திறந்தால்தானே அடுத்த வெட்டு. மாஸ்டருக்கா தெரியாது? அவள் தினமும் அவர் கையை மேசைமேல் விரித்து, உடம்பின் பாரத்தை அதன்மேல் கொடுக்க வைத்தாள். பிறகு ஸ்பாஞ்சைப் பிடித்துக் கிண்ணத்தில் போடச் சொல்வாள். அவர் பல்லைக் கடிப்பார். முஷ்டி இன்னும் இறுகும்.

"மல்லுக்கட்டாதீங்க சார். மூச்சை விட்டுத் தோளைத் தளர்த்துங்க. அதுவா விடட்டும்."

"உடும்பு வேண்டாம், கையை விட்டாப் போதும்னு ஆயிடுச்சும்மா."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மரத்துப்போனது கை மட்டுமில்லை.

கடையில் வெட்டாத துணி குவிந்துகொண்டிருந்தது. மைத்துனனுக்குத் தைக்கத் தெரியும், வெட்ட வராது. மாமா வருவார் என்று புது ஆள் வைக்காமல் ஓட்டிப் பார்த்தான். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒரு நாள் காலையில் வந்து நின்று மென்று விழுங்கினான்.

"ஒரு கட்டிங் மாஸ்டர் வேலை கேட்டு வந்திருக்காரு மாமா. நீங்க வர்றதா இருந்தா வேணாம்னு சொல்லிடறேன்."

"அவரையே வெச்சுக்க மாப்ள."

மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "என்னங்க இது? கை சரியாகும்னு அந்தப் பொண்ணு சொல்லுதே!"

"அதுவரைக்கும் கடை இருக்கணுமே."

புது ஆளுக்குக் கொடுக்கத் தன் கத்திரியை எடுத்துவரச் சொன்னார். இன்றுவரை அதை அவர் பிறர் கையில் கொடுத்ததில்லை. கத்திரி கொடுப்பவன் அலகைத் தன் பக்கம் வைத்துக் கைப்பிடியை நீட்ட வேண்டும், அதுவும் வலது கையால். இது கடையில் அவர் போட்ட சட்டம். இடது கையால் நீட்டி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களில் மைத்துனனும் உண்டு. இப்போது தானே அதை மீற மனம் வரவில்லை. மூடிய அலகை வலது முஷ்டிக்குள் செருகி நீட்டினார்.

மைத்துனன் கைப்பிடியைப் பற்றினான். கை அறுபடுமோ என்று இழுக்கப் பயந்தான். மாஸ்டர் பல்லைக் கடிக்கவில்லை. போகட்டும் என்று மூச்சை விட்டார். தோள் தளர்ந்தது. சுண்டு விரல் அவிழ்ந்தது. பிறகு மற்ற விரல்களும்.

"மாமா! கை விரிஞ்சிடுச்சு!"

மனைவி வாய்விட்டு அழுதாள். மாஸ்டர் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் வர வேண்டிய நேரம்தான். வரவில்லை.

மைத்துனன் கத்திரியைத் திருப்பி நீட்டினான். "அந்த ஆளு வேணாம் மாமா."

"எடுத்துட்டுப் போ. ஒரு தடவை விரிஞ்ச கை துணி வெட்டாது."

அவன் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார்.

"தினம் கடை மூடினதும் அதைக் கொண்டாந்து கொடுத்துடு. காலையில திரும்ப வந்து வாங்கிக்க. என் கையால கொடுக்கணும்."