எல்லா இதயத்திலும் ஓட்டை

கீர்த்தனாவுக்கு விரலை விட்டுப் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. பால் ஆறிவிட்டதா என்று பார்க்க விரல், கதவுக்கு அடித்த பெயின்ட் காய்ந்ததா என்று பார்க்கவும் விரல். அப்படிப்பட்டவள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மனித உடலின் அமைப்பு, இயக்கம், நோய் மூன்றையும் ஒரே தாளில் அடைத்த முதலாண்டுப் பாடத்துக்கு வந்து உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா? அந்த வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் மேசைக்கு ஒன்றாக ஆட்டு இதயம் வைத்திருந்தார்கள்.

ஆட்டு இதயமும் மனித இதயமும் ஏறக்குறைய ஒன்றுதான், நான்கு அறை, நான்கு வால்வு, நடுவே ஒரு சுவர் என்று ஐரின் மேடம் முந்தின வகுப்பில் சொல்லியிருந்தார். அந்த நடுச்சுவரைப் பார்க்கத்தான் கீர்த்தனா துடித்துக்கொண்டிருந்தாள். நெய்க்காரப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்த அவள் அக்கா சுகன்யாவின் எட்டு மாதப் பெண் குழந்தைக்கு அந்தச் சுவரில்தான் ஓட்டை. சின்ன ஓட்டை, தானாக மூடினாலும் மூடும், ஆனால் விடாமல் எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மதுரைக்காரர். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், கீர்த்தனா படிக்கும் திண்டுக்கல்லுக்கு வந்து போவார். இந்த ஞாயிறு குழந்தைக்கு எக்கோ.

அக்கா தூக்கத்தை மறந்து வெகுநாளாயிற்று. குழந்தையின் நெஞ்சில் கையை வைத்தபடி கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பாள். எக்கோ எடுக்கும்போது மட்டும் திரையைப் பார்க்கவே மாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நீ பாத்துச் சொல்லுடி” என்பாள். தங்கை படிப்பதே அதற்காகத்தான் என்று அவளுக்கு நினைப்பு.

கீர்த்தனாவின் மேசையில் கூட இருந்தவன் பிராங்கிளின். இதயத்தின் வெளிப்பக்கம் ஏற்கெனவே ஒரு சின்னக் கீறல் இருந்தது. கத்தரிக்கோலை நுழைக்க அது வசதியாகப் போயிற்று. அந்தக் கீறல் எப்படி வந்தது என்று இரண்டு மேதாவிகளும் யோசிக்கவில்லை. உள்ளே வெள்ளை இழைகள் வால்வை இழுத்துப் பிடித்திருந்தன. புத்தகத்தில் கோடாகப் பார்த்தது இங்கே வழவழவென்று கையில் பட்டது. இம்புட்டு சின்ன இடத்தில் இம்புட்டு வேலையா என்று கீர்த்தனா சொக்கிப்போனாள். பிறகு நடுச்சுவரைத் தடவிக்கொண்டே போனவளின் விரல் பொசுக்கென்று அந்தப் பக்கம் போய்விட்டது.

ஓட்டை!

அடுத்த மேசைக்கு ஓடினாள். அங்கும் ஓட்டை. அதற்கடுத்த மேசையிலும் அதே இடத்தில் ஓட்டை.

“ஏலே பிராங்கிளின், எல்லாத்துலயும் இருக்குலே!”

“எனக்கென்ன தெரியும்? எங்க வீட்டுக் கொழம்புல துண்டு துண்டாத்தான் வரும்.”

மேடத்திடம் கேட்டிருக்கலாம். மேடம் அப்போது ரத்த வாடையில் மயங்கி விழுந்த ஒருத்திக்கு விசிறிக்கொண்டிருந்தார். அதுவுமில்லாமல், கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் இருப்பவர்கள் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கையைக் கழுவியும் கழுவாமலும் வராந்தாவுக்கு வந்து போனைப் போட்டாள்.

“அக்கா, நடுச்சுவத்துல ஓட்டை எல்லாத்துக்கும் இருக்கும் போலக்கா. நானே விரல விட்டுப் பாத்தேன். ஒரு இதயம் பாக்கியில்ல.”

“நெசமாவாடி?”

“கண்ணால பாத்தேங்குறேன்.”

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. சந்தோஷ அழுகைதான். செத்த நேரம் கழித்து அக்கா கேட்டாள். “அப்ப ஞாயித்துக்கெழம அலைய வேணாமுல்ல? பாப்பாவுக்கு பஸ்ஸுல சேரவே மாட்டேங்குது.”

“அவசரம் ஒண்ணுமில்லக்கா” என்றாள் கீர்த்தனா. பெரிய டாக்டர்!

சனிக்கிழமை உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டியபோதுதான் நெருடியது. எந்தப் படத்திலும் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இல்லை. கருவில் இருக்கும்போது மேலறைகளுக்கு நடுவே ஒரு வழி உண்டு, பிறந்தபின் அதுவும் அடைபட்டுவிடும் என்று போட்டிருந்தது. அப்படியானால் ஆட்டுக்கு மட்டும் எப்படி? ஆட்டுக்கு வேறு மாதிரியா, மேடம் சொன்னது தப்பா, புத்தகம் தப்பா? மனசு கிடந்து அரித்தது. ஞாயிறு விடிந்ததும் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலிருந்த மன்சூர் பாய் கறிக்கடையில் போய் நின்றாள்.

“பாய், வெட்டாம முழுசா ஒரு இதயம் வேணும்.”

“தாரேம்மா.” பாய் கொக்கியிலிருந்து ஒன்றை அறுத்தெடுத்தார். கத்தி ஒரு பக்கம் சொருகி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. கட்டை விரலால் ஒரு பிதுக்கு. கறுப்பாக ரத்தக்கட்டி வழிந்தது. தண்ணீரில் ஒரு அலசு அலசித் தராசில் போட்டுவிட்டார்.

“எதுக்கு பாய் குத்துனீங்க?”

“கட்டி உள்ள நின்னா வாடை வருமேம்மா. எல்லாத்தையும் இப்படித்தான். வெள்ளிக்கெழம உங்க காலேசுக்குன்னு வாங்கிட்டுப் போனாங்கள்ல, அதெல்லாம் நான் சுத்தம் பண்ணிக் குடுத்ததுதான்.”

“குத்தாம இன்னொண்ணு குடுங்க பாய்.”

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனாலும் கொடுத்தார். மேல்பக்கத்தை மட்டும் அறுக்கச் சொல்லி, ஒரு கீழறையில் ஆட்காட்டி விரலையும் மற்றதில் கட்டை விரலையும் விட்டாள். நடுவே சுவர் கெட்டியாக நின்றது. அழுத்திப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள். எங்கும் வழியில்லை. கடை வாசலிலேயே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அக்கா முதல் மணியிலேயே எடுத்தாள். குரலே புதிதாக இருந்தது. “சொல்லுடி கீர்த்தி. ரெண்டு நாளா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன்டி. இப்பத்தான் எந்திரிச்சேன்.”

சொல்லாமல் விட்டால் இன்னும் ஒரு மாதம் அக்கா தூங்குவாள். குழந்தை?

“அக்கா, நான் சொன்னது தப்புக்கா. அது கறிக்கடைக் கத்தி போட்ட ஓட்டை. மத்தபடி எதுலயும் இருக்காது.”

“அப்ப நம்ம பாப்பாவுக்கு மட்டுந்தானா?”

“உடனே கெளம்பி வாக்கா. டாக்டர் மதியம் வரைக்கும் இருப்பாரு.”

“மூடியிருக்குமாடி?”

இருக்கும் என்ற வார்த்தை நுனிநாக்குவரை வந்தது. கீர்த்தனா அதை விழுங்கினாள். “தெரியலக்கா. பாத்தாத்தான் தெரியும்.”

அக்கா ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கும்போது பாதிப்பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பஸ்ஸில் குழந்தை வாந்தியெடுத்த புடவையோடு நின்றாள். உள்ளே கூப்பிட்டதும் குழந்தையைப் படுக்கவைத்து, அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்கன்னு எனக்கே காட்டுங்க டாக்டர். இவ சொல்லி நான் கேட்டது போதும்.”

டாக்டர் சிரித்தார். திரையில் சாம்பல் நிறத்தில் சுவர் அசைந்தது. துடிப்புக்குத் துடிப்பு ஓர் இடத்தில் மட்டும் மெல்லிய நிறக்கீற்று ஒன்று சுவரைத் தாண்டிப் பீறிட்டது. “இதுதாம்மா. போன தடவைக்குக் குறைஞ்சிருக்கு. இன்னும் மூடல. அடுத்த தடவை பாப்போம்.”

அக்கா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கீர்த்தனாவுக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து பார்க்கத் திரையை நோக்கி விரலை நீட்டினாள்.

“கைய எடுடி” என்றாள் அக்கா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே. “மறைக்குது.”