கிழித்த டோக்கன்

தொற்று வந்ததும் தியேட்டரை மூடிவிட்டார்கள். வாசலில் இருபது வருடம் டிக்கெட் கிழித்த என் கணவருக்கு வேலை போயிற்று. எனக்கோ வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை, முழுச் சம்பளம். அதில் இந்த மனுஷனுக்கு என்ன கூச்சமோ, பசித்தாலும் சோறு கேட்கமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வருடம் கழித்து அவருக்குத் தடுப்பூசி முகாமில் டோக்கன் பார்க்கும் தினக்கூலி வேலை கிடைத்தது. முதல் நாளே நானும் ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நின்றேன். திடீரென்று வாசலில் நின்ற அவரிடம் நர்ஸ் கத்தினார்.

"டோக்கனை ஏங்க கிழிச்சீங்க?"

பழக்க தோஷம்! எல்லார் டோக்கனையும் பாதி கிழித்துக் கொடுத்திருக்கிறார். திருதிருவென விழித்தவர், கையிலிருந்த பாதிகளைக் காட்டினார்.

"உள்ளே நாப்பது நாற்காலி மேடம். இதுவும் நாப்பது. ஒருத்தர் வெளிய வந்தா, ஒரு பாதியைப் போட்டுட்டுத்தான் அடுத்தவரை விடுவேன்."

நர்ஸ் உள்ளே எட்டிப் பார்த்தார். "நேத்து மாதிரி நெரிசல் இல்லையே!" என்றார்.

"நாளைக்கு மத்த வாசல்காரங்களுக்கும் சொல்லிக் குடுங்க."

என் முறை வந்தது. டோக்கனைக் கிழித்தவர் என்னை நேராகப் பார்த்தார்.

"சாயங்காலம் நல்லா பசிக்கும். சூடா ஏதாவது செஞ்சு வை."

"அதிகாரத்தைப் பாரு!" என்றேன். நல்லவேளை, சிரித்த வாயை மாஸ்க் மூடியிருந்தது.