அறிவுமதி எடுத்த குரூப்

கங்கம்மாளுக்கு மகள் மேல் ஆசை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, பென்னலூரில் அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் எல்லா அறைக்கும் லட்டு கொடுத்தவள் அவள்தான். பள்ளிக்கூடத்திலேயே அறிவுமதிதான் இரண்டாவது மார்க் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி ஓய்ந்தவளும் அவள்தான். லட்டு தீர்ந்த மறுநாள் சண்டை ஆரம்பித்தது.

ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்பதுதான் சண்டை. அறிவுமதிக்கு ஃபர்ஸ்ட் குரூப் வேண்டும். கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர், அதற்கப்புறம் இன்ஜினியரிங். கங்கம்மாளுக்கோ ஒகேஷனல் குரூப். தொழிற்கல்வி சுலபம், ஃபெயிலாகிற பயம் இல்லை. ப்ளஸ் டூ முடித்துப் பதினெட்டும் ஆகிவிட்டால் ஒரகடத்துக் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலைக்கு ஏற்றிவிடலாம் என்பது அவள் போட்டு வைத்திருந்த திட்டம். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். பாதி நாள் ஓசூரிலும் மீதி நாள் ஓசூர் போகிற வழியிலும் இருப்பான். போனில் கேட்டதற்கு, "ரெண்டு பேரும் பேசி நல்ல முடிவா எடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லி வைத்துவிட்டான்.

கங்கம்மாளை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? ஒரகடத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. ஆளெடுக்கிற ஹாலைத் துடைப்பது அவள் பொறுப்பு. காலையில் அவள் துடைத்து முடிப்பதற்குள் பையன்களும் பெண்களும் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ப்ளஸ் டூ முடித்த பெண்களைக் கண் பார்வையையும் கை வேகத்தையும் சோதித்துவிட்டு உள்ளே அனுப்புவார்கள். பி.இ. என்று வாயைத் திறந்தவனுக்கு, "லைன் வேலைக்கு டிகிரி வேணாம் தம்பி, ரெண்டு மாசத்துல ஓடிப் போயிருவீங்க" என்று பதில் வரும். இந்தக் கூத்தை வருஷக்கணக்காகப் பார்த்தவளுக்கு இன்ஜினியரிங் என்றால், மாப் போட விடாமல் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டம், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் அவர்களுக்குப் பக்கத்து அறையிலேயே குடியிருந்தான். பெயர் ஜீவானந்தம், வள்ளியூர்ப் பக்கம், பி.இ. கம்ப்யூட்டர். ஒரு நாள் அந்த ஹாலில் அவனைத் திருப்பி அனுப்பியதைக் கங்கம்மாள் பார்த்தாள். சில வாரம் கழித்து, டிகிரியை வீட்டில் வைத்துவிட்டு வெறும் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டோடு அவன் மறுபடி வந்து, வேலை வாங்கிக்கொண்டு போனதையும் பார்த்தாள். மாப்பும் கையுமாக நின்ற அவளைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்று சாயங்காலம் வாசலில் வந்து தயங்கி நின்றான்.

"யார்ட்டயும் சொல்லிராதியக்கா. தெரிஞ்சா வேலய விட்டு அனுப்பிருவாவ. ஊர்ல எங்கம்மாவே நான் இன்ஜினியரா இருக்கேன்னுதான் நெனச்சிட்டு இருக்கா."

"நான் இன்னாத்துக்குப்பா சொல்லப்போறேன்? உன் பொழப்பு உனுக்கு" என்றாள் கங்கம்மாள். சொன்னபடியே வாயைத் திறக்காமலும் இருந்தாள், மகளிடம்கூட.

அதனால் அறிவுமதிக்கு அவன் இன்ஜினியர் அண்ணனாகவே இருந்தான். கழுத்தில் கம்பெனி அட்டையோடு அவன் பஸ் ஏறப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் வருங்காலமே நடந்து போவது மாதிரி ஒரு பூரிப்பு. காலேஜில் அவன் மெடல் வாங்கிய போட்டோவைக் காட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "அந்த அண்ணன் மாதிரி" என்று அவள் சொல்லும்போதெல்லாம் கங்கம்மாள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அட்மிஷனுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து அம்மாவும் மகளும் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. சாயங்காலம் குழாயடியில் ஜீவானந்தம் துணி துவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கங்கம்மாளுக்கு ஒரு யோசனை வந்தது. படித்தவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் தீர்ந்தது. மகளை இழுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நிறுத்தினாள்.

"தம்பி, நீயே சொல்லு. எந்த குரூப் எடுத்தா நல்லதுன்னு இவளுக்குப் புரியற மாரி சொல்லு." சொல்லும்போதே கண்ணால் ஜாடையும் காட்டினாள்.

ஜாடை அவனுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அறிவுமதி அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிஜத்தைச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? சோப்பு நுரை வழிகிற கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஃபர்ஸ்ட் குரூப்பே எடு பாப்பா" என்றான். "நல்லாப் படிச்சா என்னய மாதிரி வரலாம்."

கங்கம்மாளுக்கு உச்சி கொதித்துவிட்டது.

"இன்னாது? உன்ன மாரியா? டிகிரிய பொட்டில பூட்டி வச்சிட்டு, ப்ளஸ் டூதான்னு பொய் சொல்லி, லைன்ல ஸ்க்ரூ முடுக்கிகினு கீறியே, அந்த மாரியா? என் பொண்ணு பன்னண்டாவது முடிச்சிட்டு நேரா அங்க பூடுவா. நீ நாலு வருசம் காலேஜ்ல குந்திகினு இருந்துட்டு அதே எடத்துக்குத்தான வந்துகீற! இத்த வேற பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்கறியா?"

லைன் வீட்டில் பாதிப் பேர் அதே கம்பெனிக்காரர்கள்; இரண்டு மூன்று வாசல்களில் தலைகள் முளைத்தன. ஜீவானந்தம் பிழியாத துணிகளை அப்படியே வாரி பக்கெட்டில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். அறிவுமதி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. கங்கம்மாளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்; "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டாள். கதவு திறக்கவில்லை. காலையில் பார்த்தபோது அறை பூட்டிக் கிடந்தது. முதல் ஷிஃப்டுக்குப் போயிருக்கிறானா, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விட்டானா என்று யாரையும் கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

ஒரே ஓர் ஆறுதல், அறிவுமதி சண்டையை நிறுத்திவிட்டாள். சொன்ன நேரத்துக்குக் குளித்தாள், போட்ட இட்லியைச் சாப்பிட்டாள், ஸ்ரீபெரும்புதூர் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது என்று கங்கம்மாள் நினைத்துக்கொண்டாள்.

தலைமையாசிரியை மார்க்கைப் பார்த்ததுமே நிமிர்ந்து சிரித்தார். "கணக்குல தொண்ணூத்தேழா! ஃபர்ஸ்ட் குரூப்தானேம்மா?" என்று எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

"ஒகேஷனல், மிஸ்" என்றாள் அறிவுமதி.

பேனா நின்றது. அவர் கங்கம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்களா? இந்த மாதிரிப் பொண்ணை நான் வீடு தேடி வந்து கூட்டிட்டுப் போய் முதல் பெஞ்சுல உட்கார வைப்பேன். ஃபிசிக்ஸுக்கும் இந்த வருஷம் டீச்சர் வந்தாச்சு. ஏம்மா இப்படிப் பண்றீங்க?"

வீடு தேடி வந்து கூட்டிப்போவேன் என்று தன் குடும்பத்தில் யாரைப் பற்றியும் எவரும் சொல்லிக் கங்கம்மாள் கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஹாலும், கூப்பிட மாட்டார்களா என்று காத்துக் கிடக்கிற முகங்களும்தான். தன் பெண்ணுக்கு வேறு ஏதோ இருக்கலாம், தனக்குத்தான் அது கண்ணில் படவில்லை என்று அவளுக்கு முதல் முறையாகத் தோன்றியது.

"ஃபர்ஸ்ட் குரூப்பே போட்டுடுங்க மேடம்" என்றாள்.

"வேணாம்மா."

"நேத்து கோவத்துல பேசிட்டேன்டி. எல்லாருக்குமா அப்டி ஆவுது? நீ படி. நான் கீறேன்ல, நான் பாத்துக்கறேன்."

"அந்த அண்ணன் மெடல் வாங்கினவரும்மா. அவருக்கே அங்கதான். எனுக்கு மட்டும் வேற இன்னா வந்துடப்போவுது?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் கங்கம்மாள் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அது அவளுக்குக் கைவந்த கலை. இது தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை மகள் திருப்பிச் சொல்வது. "மதி, கண்ணு, அம்மா சொன்னா கேளுடி" என்று கெஞ்சினாள். தலைமையாசிரியையும் இரண்டு நாள் யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

"யோசிச்சிட்டேன் மிஸ்" என்றாள் அறிவுமதி.

வாசலில் அடுத்த பிள்ளையும் அதன் அப்பாவும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை பெருமூச்சு விட்டு எழுதினார். காட்டிய இடத்தில் கங்கம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அறிவுமதி கேட்டாள்.

"அம்மா, லைன்ல உக்காந்து வேல செய்யலாமா, நின்னுகினேதான் செய்யணுமா?"

"நின்னுகினுதான்" என்றாள் கங்கம்மாள்.

"ஷிஃப்டு முழுக்கவா?"

"ம்."

அறிவுமதி கால் மாற்றி நின்று பார்த்தாள். "போகப் போகப் பழகிடும்ல?" என்றாள்.

பழகிடும் என்று சொல்லத்தான் கங்கம்மாள் வாயெடுத்தாள். பதினாறு வயசுதான் ஆகிறது இவளுக்கு. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அறிவுமதி அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பஸ் வருதும்மா, வா" என்றாள்.